‘தோளைக் குலுக்கு’ தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஜெர்மன் கற்பவர்களுக்காக வந்த சொற்பட்டியலைப் பார்த்தோம். ஆங்கிலம், ஜெர்மன், தமிழ் என்று மூன்று பத்தி. இந்த முறை தலைப்பு உடல்மொழி. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஜெர்மனிக்குப் போகப் படித்துக்கொண்டிருக்கும் செவிலியர் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பட்டியலில் ‘ஷ்ரக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே தமிழில் ‘தோளைக் குலுக்கு’ என்று இருக்கிறது. ‘விங்க்’ என்பதற்கு நேரே ஜெர்மனில் ‘விங்கன்’ என்று இருக்கிறது. முதலாவது தமிழ்ப் பிழை, இரண்டாவது ஜெர்மன் பிழை. தோளும் கண்ணும் கையும் என்ன செய்கின்றன என்று பார்க்காமல், ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து எழுதியதால் வந்த வினை இரண்டும்.

‘ஷ்ரக்’கை எடுத்துக்கொள்வோம். அதில் உடம்பு செய்வது இவ்வளவுதான்: இரண்டு தோள்களும் காதை நோக்கி ஒரு கணம் மேலே போய் உடனே இறங்கும். பல நேரம் முழங்கை மடங்கி உள்ளங்கை மேலே பார்க்கும், வாயின் ஓரம் கீழே இழுபடும், புருவம் ஏறும். இங்கிலாந்துக்காரரும் ஜெர்மானியரும் இதை ஒரே மாதிரிதான் செய்கிறார்கள், ‘தெரியாது’, ‘எனக்கென்ன’ என்ற பொருளும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்கையில் சண்டை இல்லை, சொல்லில்தான் சண்டை.

ஆங்கிலத்துக்கு ஒரே வினைச்சொல் போதும். ஜெர்மனில் அப்படி ஒற்றைச் சொல் கிடையாது. ‘மிட் டென் ஷுல்டர்ன் ட்ஸுக்கன்’ அல்லது ‘டீ ஆக்ஸல்ன் ட்ஸுக்கன்’ என்று உறுப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘ட்ஸுக்கன்’ என்றால் வெடுக்கென்று அசைவது, துடிப்பது. மின்னலுக்கும், தசைத் துடிப்புக்கும், வலிப்பில் கைகால் இழுப்பதற்கும் அதே வினைதான். ‘ஷுல்டர்’ தோள். ‘ஆக்ஸல்’ என்பதும் தோள்தான் என்றாலும், இன்றைய பேச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் அக்குளைக் குறிக்கிறது. காய்ச்சல் பார்க்கக் கருவியை வைக்கும் இடம் ‘ஆக்ஸல்’லுக்கு அடியில். மருத்துவமனைச் சொற்களை முதலில் படித்த பிள்ளை ‘டீ ஆக்ஸல்ன் ட்ஸுக்கன்’ என்பதைக் கண்டதும் ‘கக்கம் துடித்தது’ என்று எழுதிவைக்கும். அதன் மேல் பிழை சொல்ல முடியாது, அகராதியில் அந்தப் பொருளும் கிடைத்திருக்கும்.

செவிலியருக்கு இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘எர் ட்ஸுக்ட் மிட் டென் ஷுல்டர்ன்’ என்றால் ஆள் வேண்டுமென்றே தோளை உயர்த்தி ‘எனக்கென்ன தெரியும்’ என்கிறார். ‘ஸைனெ ஷுல்டர் ட்ஸுக்ட்’ என்றால் தோள் தானாகத் துடிக்கிறது. ஒன்றில் ஆள் எழுவாய், மற்றொன்றில் தோள் எழுவாய். வார்டு குறிப்பேட்டில் இரண்டாவதை எழுதினால் மருத்துவர் நரம்புக் கோளாறோ வலிப்போ என்று ஓடி வருவார். ‘மிட்’டும் பன்மையும் விட்டுப்போனால் அங்கே பொருளே மாறிப்போகும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பதினோராவது மூளை நரம்பைச் சோதிக்க, நோயாளியின் இரு தோளிலும் கையை வைத்து அழுத்தி, எதிர்த்துத் தூக்கச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் ‘ஷ்ரக்’ என்றே சொல்வது வழக்கம். அதை அப்படியே ஜெர்மனுக்குக் கொண்டுபோய் ‘ட்ஸுக்கன் ஸீ’ என்றால் நோயாளி விழிப்பார், ஏனென்றால் ‘ட்ஸுக்கன்’ கட்டளைக்கு அடங்கி மெதுவாகச் செய்கிற காரியம் இல்லை. அங்கே ‘ட்ஸீயன் ஸீ பிட்டெ டீ ஷுல்டர்ன் ஹோஹ்’, அதாவது தோளை மேலே இழுங்கள், என்பதே சரி. ஆங்கிலத்தில் ஒன்றாக இருக்கும் சொல், பேச்சுக்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று என ஜெர்மனில் இரண்டாகப் பிரிகிறது.

கதை மொழிபெயர்ப்போர்க்கு வேறு தொல்லைகள். ஆங்கிலக் கதையில் பேச்சை முடித்துவிட்டு ‘அவன் ஷ்ரக்கினான்’ என்று, ‘சொன்னான்’ என்ற இடத்திலேயே அந்த வினையைப் போட்டுவிடுவார்கள். ஜெர்மன் வாசகருக்கு அது ஒட்டாது. ‘ஸாக்டெ எர் ஆக்ஸல்ட்ஸுக்கெண்ட்’ என்று சொன்னவன் சொன்னபடியே இருக்க, தோள் அடைமொழியாக வர வேண்டும். இல்லையென்றால் தனி வாக்கியமாகப் பிரிக்க வேண்டும். ஒரு குறையைக் கண்டுகொள்ளாமல் ‘ஷ்ரக் ஆஃப்’ செய்தான் என்றால் ‘மிட் ஐனெம் ஆக்ஸல்ட்ஸுக்கன் அப்டூன்’, அதாவது ஒரு தோளசைவோடு தள்ளிவிட்டான். இது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அதே ‘ஷ்ரக்’ கோட்டுக்குள் போனால், அதாவது கோட்டைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டாள் என்று வந்தால், ‘ட்ஸுக்கன்’ அந்தப் பக்கமே வரக்கூடாது. ‘ஷ்ல்யுப்ஃபன்’, கோட்டுக்குள் நுழைந்தாள், அவ்வளவுதான்.

இனித் தமிழ்ப் பத்திக்கு வருவோம். ‘தோளைக் குலுக்கினான்’ என்று மொழிபெயர்ப்புகளில் படித்துப் படித்து நமக்கே பழகிவிட்டது. தமிழில் தோள் எப்போது குலுங்கும்? தோள் குலுங்கச் சிரிப்பார்கள், தோள் குலுங்க அழுவார்கள். தெரியாது என்பதற்கு யாருடைய தோளும் குலுங்குவதில்லை. வடசேரி பேருந்து நிலையத்தில் ‘குலசேகரம் வண்டி போயாச்சா?’ என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். அதுதான் நம்முடைய ‘ஷ்ரக்’. ‘என்னால் ஆகாது’ என்ற பொருளில் வந்தால் கையை விரித்தார் என்போம். ‘எனக்கென்ன வந்தது’ என்ற பொருளில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அல்லது ‘போனால் போகட்டும்’ என்பதுபோல் இருந்தார். ஆங்கிலம் ஒரே தோளில் ஏற்றிய சுமையைத் தமிழ் உதடு, கை, முகம் என்று பங்கிட்டிருக்கிறது. ஜெர்மன் நடுவில் நிற்கிறது. தோளை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் ஓர் அடைமொழி சேர்த்துக்கொள்ளும்: வழி தெரியாமல் என்றால் ‘ராட்லோஸ்’, அக்கறை இல்லாமல் என்றால் ‘க்லைஷ்க்யுல்டிக்’, வருத்தத்தோடு என்றால் ‘பெடௌவர்ண்ட்’. ஆங்கில மூலத்தில் எந்தப் பொருள் என்று சூழலே காட்டினால் அடைமொழி வேண்டாம். மூலம் வேண்டுமென்றே மழுப்பியிருந்தாலும் வேண்டாம். வாசகருக்குப் புரியாதோ என்று பயந்து ஒவ்வொரு தோளுக்கும் ஓர் அடைமொழி கட்டிவிடுவது புதிதாக மொழிபெயர்ப்பவர்களின் கைப்பழக்கம்.

இரண்டாவது பிழை இதைவிட ஆபத்தானது. ஆங்கிலத்தில் ‘விங்க்’ என்றால் ஒரு கண்ணைச் சிமிட்டுவது. ஜெர்மனில் ‘விங்கன்’ என்றால் கையசைப்பது. ஒரு வேரிலிருந்து வந்த சொற்கள்தான், ஆனால் ஒன்று கண்ணில் தங்கிவிட்டது, மற்றொன்று கைக்கு இறங்கிவிட்டது. ‘பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலிலிருந்து எனக்கு விங்க்டெ’ என்று ஜெர்மன் பாடத்தில் வருவதைத் தங்கள் பட்டியலை நம்பி ‘கண்ணடித்தாள்’ என்று படித்தால் பாடத்தின் போக்கே மாறிவிடும். பாவம் அந்தப் பெண், டாட்டா காட்டினாள், அவ்வளவே. கண் சிமிட்டுவதற்கு ஜெர்மன் ‘ட்ஸ்விங்கர்ன்’. இமைப்பதற்கு ‘ப்ளின்ட்ஸெல்ன்’. ‘ப்ளிங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லைப்போலவே இருக்கும் ‘ப்ளிங்கன்’ கண்ணோடு சம்பந்தமே இல்லாதது. வண்டியின் இண்டிகேட்டர் மின்னுவதற்கு அதைச் சொல்வார்கள். ‘விங்கன்’ வினையின் இறந்தகால எச்சம் ‘கெவிங்க்ட்’. ‘கெவுங்கன்’ என்றும் பேச்சில் நிறையக் கேட்கலாம், தேர்வில் முதலாவதை எழுதுவது நல்லது. ‘விங்க்’ என்றே ஒரு பெயர்ச்சொல்லும் ஜெர்மனில் உண்டு. அதற்குக் குறிப்பு, சாடை என்று பொருள். சாடையாகச் சொன்னதே ஊருக்கெல்லாம் புரிகிற அளவு வெளிப்படையாக இருந்தால் ‘வேலிக்கம்பால் காட்டிய விங்க்’ என்பார்கள்.

‘விங்கன்’ முன்னால் வரும் ஒட்டைப் பார்த்துக் கையின் திசையைத் தெரிந்துகொள்ளலாம். ‘ட்ஸூவிங்கன்’ ஒருவரைப் பார்த்துக் கையசைப்பது. ‘ஹெரான்விங்கன்’ இங்கே வா என்று கூப்பிடுவது. ‘டுர்ஷ்விங்கன்’ சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தாமல் ‘போ போ’ என்று விடுவது. களியக்காவிளை எல்லை வழியாகப் போய்வருகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘அப்விங்கன்’ அதெல்லாம் வேண்டாம் என்று கையை வீசுவது. ‘ட்ஸூ’ மற்ற வினைகளோடும் சேரும்: தலையசைப்பு, புன்னகை, கண்சிமிட்டல் எல்லாவற்றையும் அது ஒருவர் பக்கம் திருப்பிவிடும், அந்த ஒருவர் நம் நான்காம் வேற்றுமையில், ஜெர்மனில் ‘டாட்டிவ்’ என்பதில், நிற்பார். தமிழில் ‘அவளைப் பார்த்து’ என்று நாம் போடும் சொல்லின் வேலையை இந்த ஒட்டு செய்கிறது. கூப்பிடும் கையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நாம் உள்ளங்கையைக் கீழே வைத்து விரல்களை மடக்கி ‘வா’ என்போம். ஜெர்மானியர் உள்ளங்கையை மேலே வைத்தே கூப்பிடுவார்கள். நம் ‘வா’ அவர்களுக்குப் ‘போ’ என்றோ, போய்வருகிறேன் என்றோ படலாம்.

தலைதான் எல்லாவற்றிலும் பெரிய பஞ்சாயத்து. பட்டியலில் ஆமோதிக்கும் ‘நாட்’, மறுக்கும் ‘ஷேக்’ இரண்டுக்கும் ‘தலையாட்டு’ என்றே போட்டிருக்கிறது. தமிழில் வெறும் தலையாட்டல் சம்மதம். ‘எதற்கும் தலையாட்டுகிறவன்’ என்றால் ஆமாம் சாமி என்றுதான் பொருள். மறுப்பதானால் ‘இல்லை என்று தலையை அசைத்தான்’ என்று சொல்லியாக வேண்டும். ஜெர்மனில் மேலும் கீழுமாக அசைத்தால் ‘நிக்கன்’, இடவலமாகத் திருப்பினால் ‘டென் கொப்ஃப் ஷுட்டல்ன்’. இரண்டும் வெவ்வேறு வினைகள் என்பதால் குழப்பமே இல்லை. ‘ஷுட்டல்ன்’ மறுப்புக்கு மட்டும் இல்லை, ‘இப்படியும் உண்டா’ என்ற வியப்புக்கும் வெறுப்புக்கும் வரும். அங்கே ‘மறுத்தான்’ என்று தமிழாக்கினால் கதை கெடும்.

குழப்பம் வருவது நம் மூன்றாவது தலையசைப்பில். காதைத் தோள்பக்கம் மாற்றி மாற்றிச் சாய்க்கிறோமே, ‘சரி’, ‘ஆகட்டும்’, ‘கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்’ எல்லாவற்றுக்கும், அது. ‘தக்கலையா?’ என்று நடத்துநர் கேட்டு நாம் தலையைச் சாய்த்தால் சீட்டுக் கிழித்துவிடுவார். அதே சாய்ப்புக்கு ஜெர்மனில் ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் சங்கடம்: ‘டென் கொப்ஃப் வீகன்’. பொருள், யோசிக்கிறேன், எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மூத்த செவிலியர் மருந்தின் அளவைச் சொல்லிப் ‘புரிந்ததா?’ என்று கேட்கும்போது நம் பிள்ளை மரியாதையாகத் தலையைச் சாய்த்தால், அவருக்குத் தெரிவது ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்ற பதில். மறுபடி விளக்குவார், பிள்ளை மறுபடி சாய்க்கும். வாயைத் திறந்து ‘யா’ என்று சொல்லி ஒரு ‘நிக்கன்’ போட்டால் முடிந்தது. ‘இல்லை’ என்பதற்கு நாக்கால் ‘ச்’ கொட்டும் பழக்கத்தையும் விமானம் ஏறுமுன் விட்டுவிட வேண்டும். அங்கே அது சலிப்பாகவே கேட்கும். இலக்கணத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘வீகன்’ அசைப்பது என்ற பொருளில் வந்தால் இறந்தகாலம் ‘வீக்டெ’. எடைபோடுவது என்ற பொருளில் ‘வோக்’. ‘எர் வோக் டென் கொப்ஃப்’ என்று எழுதினால் அவர் தலையைத் தராசில் வைத்தார் என்றாகிவிடும்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடிக்கு 1806இல் வந்த ரிங்கல்தௌபே பாதிரியார் சைலீசியாவில் பிறந்தவர், தாய்மொழி ஜெர்மன். அனுப்பியது லண்டன் மிஷன், ஆகவே அலுவல் ஆங்கிலத்தில். தரங்கம்பாடியில் தமிழ் படித்துவிட்டு இங்கே வந்தார். மூன்று மொழிப் பட்டியல் தேவைப்பட்ட முதல் ஆள் இந்த மாவட்டத்தில் அவராகத்தான் இருந்திருப்பார். சொன்னதற்கெல்லாம் தலையைச் சாய்த்த நம் ஆட்களைப் பார்த்து என்ன நினைத்தாரோ. அவருடைய பெயருக்கே ஜெர்மனில் ஒருவகைக் காட்டுப்புறா என்று பொருள் என்பதையும் இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறோம்.

பயிற்றுநர்கள் அதிகம் கவனிக்காத செய்தி ஒன்று. ஆங்கிலத்தில் ‘அவன் அவனுடைய தலையை அசைத்தான்’ என்றே சொல்ல வேண்டும், ‘ஹிஸ்’ இல்லாமல் முடியாது. தமிழில் ‘தலையை அசைத்தான்’, யாருடைய தலை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஜெர்மனும் இந்த விஷயத்தில் நம் கட்சி. ‘டென் கொப்ஃப்’ போதும், ‘ஸைனன் கொப்ஃப்’ என்றால் மிகையாக இருக்கும். ‘தலையைச் சொறிந்துகொண்டான்’ என்பதில் வரும் ‘கொண்டான்’ இருக்கிறதே, அது தன்மேலேயே செய்துகொண்டதைக் காட்டுகிறது. ஜெர்மனில் அந்த இடத்தில் ‘ஸிஷ்’ வரும்: ‘ஸிஷ் அம் கொப்ஃப் க்ராட்ஸன்’. எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு ஒத்துவராது, ஆனால் உறுப்புகளைப் பற்றிய வாக்கியங்களில் பெரும்பாலும் கைகொடுக்கும். தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் சரியாக எழுதியிருக்கும் பிள்ளை, ஆங்கிலத்தைச் சுற்றிப் போய்த் தப்பாக எழுதுகிறது. திருநெல்வேலி வழியாகத் திருவனந்தபுரம் போவதுபோல.

சொல்லையல்ல, செய்கையையே மாற்ற வேண்டிய இடங்களும் உண்டு. வெற்றி பெற வாழ்த்தும்போது ஆங்கிலேயர் நடுவிரலைச் சுட்டுவிரல்மேல் பின்னிக் காட்டுவார்கள். ஜெர்மானியர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, நான்கு விரலால் மூடி அழுத்துவார்கள்: ‘இஷ் ட்ருக்கெ டியர் டீ டௌமன்’, உனக்காகக் கட்டைவிரலை அழுத்துகிறேன். விரலைப் பின்னுவது அங்கே பொய்ச் சத்தியம் செய்பவன் முதுகுக்குப் பின்னால் செய்யும் வேலை. ஆகவே மொழிபெயர்ப்பில் விரலை விட்டுக் கட்டைவிரலைப் பிடிக்க வேண்டும். தமிழில் விரலே வேண்டாம், ‘நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிறேன்’ போதும். கதையில் அந்தக் கையே பின்னால் ஒரு துப்பாக வருகிறது என்றால் மட்டும் செய்கையை வைத்துக்கொண்டு பொருளை ஒரு சொல்லில் சேர்க்கலாம்.

சுட்டுவிரலால் நெற்றிப்பொட்டைத் தட்டுவது ஆங்கிலேயரிடம் ‘மூளையைப் பயன்படுத்து’ என்றோ ‘ஆள் கெட்டிக்காரன்’ என்றோ ஆகலாம். ஜெர்மானியர் முன்னால் நெற்றியைத் தட்டினால் அது ‘பறவை காட்டுவது’, உனக்குக் கழன்றுவிட்டது என்று சொல்வது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 185ஆம் பிரிவு அவமதிப்பைக் குற்றமாக வைத்திருக்கிறது. சாலையில் அடுத்த ஓட்டுநருக்கு இப்படிப் ‘பறவை’ காட்டி அபராதம் கட்டியவர்கள் உண்டு. எண்ணிக்கை காட்டுவதிலும் அவர்கள் கட்டைவிரலில் தொடங்குவார்கள். கட்டைவிரல் ஒன்று, அதோடு சுட்டுவிரல் சேர்ந்தால் இரண்டு. ஒரு மாத்திரை வேண்டும் என்று ஜெர்மன் பாட்டி கட்டைவிரலை நீட்டினால், ‘சூப்பர்’ என்று பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வரக்கூடாது.

‘ரோல் த ஐஸ்’ என்பதற்குப் பட்டியல் ‘கண்ணை உருட்டு’ என்கிறது. தமிழில் கண்ணை உருட்டுவது மிரட்டல். ஆங்கிலத்தில் அது அலுப்பும் இளக்காரமும். ஜெர்மன் ‘டீ ஔகன் ஃபெர்ட்ரேயன்’, கண்ணைத் திருகுவது, அலுப்பைத்தான் சொல்கிறது. ‘சலித்துக்கொண்டாள்’ என்று போட்டால் தீர்ந்தது.

எல்லாமே சிக்கல் என்று எண்ண வேண்டாம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். ஆங்கிலத்துக்கு இதைக் கொண்டுபோகிறவர்கள் ‘கைதட்டினார்கள்’ என்று மாற்றுவதா, மேசையை விளக்குவதா என்று திண்டாடுவார்கள். ‘உறுப்பினர்கள் மேசையைத் தட்டி வரவேற்றனர்’ என்று சட்டமன்றச் செய்தியில் தாங்களே எத்தனையோ முறை அச்சிட்டிருக்கிறீர்கள். தமிழுக்கு ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்.

அடுத்த வாரம் திருத்தம் போட இடமிருந்தால் நான்கு வரி போதும். ‘ஷ்ரக்’ என்பதற்கு ஜெர்மன் ‘மிட் டென் ஷுல்டர்ன் ட்ஸுக்கன்’, தமிழ் ‘உதட்டைப் பிதுக்கு’ அல்லது ‘கையை விரி’. ‘விங்க்’ என்பதற்கு ‘ட்ஸ்விங்கர்ன்’, கண் சிமிட்டு. ‘விங்கன்’ என்பதற்குக் கையசை. ‘நாட்’ என்பதற்கு ‘நிக்கன்’, ‘ஷேக்’ என்பதற்கு ‘டென் கொப்ஃப் ஷுட்டல்ன்’. பழைய பக்கத்தை நோட்டில் ஒட்டியிருப்பவர்கள் அதன் மேலேயே ஒட்டிக்கொள்ள வசதியாக, அதே அளவு கட்டத்தில் அச்சிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஜெர்மன் பயிற்றுநர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்,
நாகர்கோவில்.